சோழர் காலக் கதைக்கு வசனம் எழுதுவது எப்படி

குறும்படமோ, மேடை நாடகமோ, வெப் சீரிஸோ, சோழர் அரசவையை வைத்து எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எவ்வளவு பழைய தமிழ் போட வேண்டும் என்றுதான். பழமையை ஏற்றுவது அப்புறம். முதலில் பின்னால் வந்தவற்றைக் களையுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எதுகை மோனையோடு மூச்சு விடாமல் பொழிகிற அடுக்குமொழி வசனம் 20ஆம் நூற்றாண்டு மேடையிலும் சினிமாவிலும் வளர்ந்தது. ராஜராஜன் அப்படிப் பேசினான் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அவன் குரலுக்கு மிக நெருக்கமாக நம்மிடம் இருப்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. ஆட்சியின் 26ஆம் ஆண்டு 20ஆம் நாள் கொடுத்த ஆணையில், இந்தக் கோயிலுக்கு 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்கிறான். அக்கன் என்றால் அக்கா. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கேட்கக்கூடிய பேச்சு அது. அதே அரசனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டு, 'திருமகள் போல' என்று செய்யுளாகத் தொடங்கி, வென்ற நாடுகளை அடுக்கிக்கொண்டே போகும். ஆக அலங்காரம் ஊருக்கு அறிவிக்கும் இடத்தில், நேரடிப் பேச்சு அறைக்குள்ளே. இந்த இரண்டையும் பிரித்து எழுதினாலே வசனத்துக்கு உயிர் வந்துவிடும். அக்காவிடமும் எதிரி நாட்டுத் தூதனிடமும் அரசன் ஒரே தொனியில் பேசினால் எவ்வளவு செந்தமிழ் போட்டும் பயனில்லை.

இன்னொன்று, இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. வடசொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதினால் அது பழைய தமிழ் என்று பலர் நம்புகிறார்கள். தனித்தமிழ் இயக்கம் 1916இல் தொடங்கியது, அது நம் காலத்து மொழிப்பற்று, அதற்கான மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் சோழர் கல்வெட்டு 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று கிரந்த எழுத்தில் தொடங்கும், நிலவும் சூரியனும் உள்ளவரை என்பதைச் 'சந்திராதித்தவல்' என்று சொல்லும், படைத்தலைவனுக்கு மும்முடிச்சோழ பிரமராயன் என்று பட்டம் கொடுக்கும். அந்த அரசவையில் இரண்டு மொழியும் கலந்துதான் புழங்கின. உங்கள் அமைச்சர் 'சக்கரவர்த்தி' என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

களைய வேண்டியவை வேறு. கஜானா, தர்பார், லகான், கைதி, வாரிசு, சபாஷ், மைதானம், தயார் எல்லாம் பாரசீகம், அரபு வழியாகப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை போர்த்துகீசியர் வந்த பிறகு. கஜானாவுக்குப் பண்டாரம், தர்பாருக்கு ஓலக்கம் அல்லது அவை, லகானுக்குக் கடிவாளம், ஜன்னலுக்குச் சாளரம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ரொம்பச் சுலபமாக நுழைந்துவிடுவது 'பதில்'. அதுவும் வந்த சொல்தான், மறுமொழி என்று மாற்றிவிடுங்கள். நேரத்தையும் பாருங்கள்: மணி, நிமிடம் கிடையாது, நாழிகையும் சாமமும்தான். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு சாமம் 3 மணி நேரம், இதைக் கணக்குப் போட்டே காட்சி எழுதுங்கள். 'ஒரு நாழிகையில் காஞ்சி போய் வருகிறேன்' என்று ஒற்றன் சொன்னால் குதிரை பாவம். ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் கி.பி. வேண்டாம், அரசன் ஆட்சியின் எத்தனையாவது யாண்டு என்றே சொல்லட்டும்.

அப்புறம் விளி. எல்லாரும் எல்லாரையும் 'மன்னா', 'இளவரசி' என்று கூப்பிடுவது சுலபம், ஆனால் அரசவை என்பதே யார் யாரை எப்படிக் கூப்பிடலாம் என்ற ஒழுங்குதான். கல்வெட்டில் அரசன் 'உடையார் ஸ்ரீராஜராஜதேவர்'. அரசி 'நம்பிராட்டியார்'. குந்தவை எப்படிக் குறிக்கப்படுகிறாள் என்று பாருங்கள்: ராஜராஜதேவரின் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். தம்பி, கணவன், தந்தை என மூன்று உறவும் பெயரோடு வருகின்றன. கல்வெட்டில் வருவது எழுத்து வழக்கு, அதை அப்படியே வாயில் போட முடியாது. அதனால் நான் சொல்லும் வழி இது: பணியாள் பெயரைச் சொல்லவே கூடாது, அதிகாரி 'தேவர்' என்று படர்க்கையில் சொல்லட்டும், குடும்பத்துக்குள் மட்டும் அக்கன், தம்பி என்ற உறவுமுறை வரட்டும். அருள்மொழி என்ற இயற்பெயரை யார் வாயில் வைக்கிறீர்கள் என்பதே அந்தப் பாத்திரத்தின் நெருக்கத்தைச் சொல்லிவிடும். பட்டமேறும் முன் அவனை யாராவது 'ராஜராஜா' என்று அழைத்தால் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

ஆணை பிறக்கும் காட்சிதான் நாடகத்துக்கு அருமையான இடம், அதைத்தான் எல்லாரும் வீணடிக்கிறார்கள். அரியணையிலிருந்து அரசன் கையை நீட்டுவான், வீரர்கள் ஓடுவார்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன 26ஆம் ஆண்டு ஆணை பிறந்த இடம் அரண்மனையின் கிழக்குத் திருமஞ்சன சாலை, அதாவது நீராடும் கூடம். அரசன் அங்கே தானம் செய்தபடி அமர்ந்திருந்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த ஆணை, ஏறத்தாழ 1006இல், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையின் மண்டபம் ஒன்றில் பிறந்தது. அரசன் வாயால் சொல்வது திருவாய்க்கேள்வி. அதைத் திருமந்திர ஓலை என்ற அதிகாரி எழுதுவார், அவருக்கு மேலுள்ள ஓலைநாயகம் சரிபார்ப்பார், அப்புறம் வரித் திணைக்களத்தார், அதாவது வரித்துறை அதிகாரிகள், கணக்கில் ஏற்ற வேண்டும். ஒரு சொல் அரசன் வாயிலிருந்து கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை கை மாறுகிறது! சூழ்ச்சி, தாமதம், திருத்தி எழுதுதல் என்று எதை வைத்தாலும் இந்த வரிசைக்குள் வைக்கலாம், வாள் சண்டையே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரிவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் காட்சியில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை வேண்டாம், எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1500க்குப் பிறகு வந்தவை. காரத்துக்கு மிளகு இருக்கிறது. வெளிப்புறப் படப்பிடிப்பில் சீமைக் கருவேலமும் காகிதப்பூவும் கேமரா சட்டத்துக்குள் வராமல் பாருங்கள், அவையும் பின்னால் வந்தவைதான். பெரிய கோயிலில் எடுக்க அனுமதி கிடைத்தால் நந்தியைத் தவிர்த்துவிடுங்கள், இன்றுள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, சுப்பிரமணியர் சன்னதியும் அப்படியே. அரண்மனைக்கு வடநாட்டுக் கோட்டையின் வளைவுகளும் கும்மட்டமும் வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டியபோது செங்கல் சுவரும் கூரை ஓடும்தான் கிடைத்தன. உடைக்கும் அணிகலனுக்கும் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் தெரியவந்த சோழர் ஓவியங்களைப் பாருங்கள், அந்தக் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் பாருங்கள்.

கற்பனை எங்கே செய்யலாம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லித் துரோகிகள் என்கிறது. அவர்கள் அரசு அதிகாரிகள் என்பது பட்டங்களிலேயே தெரிகிறது, ரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராசன். ஏன் கொன்றார்கள் என்று மட்டும் கல்வெட்டு சொல்லவில்லை. அப்படியானால் பெயரையும் பட்டத்தையும் தொடாதீர்கள், காரணத்தை நீங்கள் எழுதுங்கள், கொலைக்கு முந்தின இரவு அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்பதையும் எழுதுங்கள். ஆனால் அந்த இரவிலும் அவர்கள் பட்டம் பெற்ற அதிகாரிகளாகவே பேச வேண்டும், நம் காலத்து அடியாட்களாக அல்ல.