லேப்டாப் இல்லாமல் ஒரு டிகிரி: ஒற்றை போனை வைத்துச் சமாளிப்பது எப்படி

நான் பி.ஏ. வரலாறு, தமிழ் வழி, மூன்றாம் ஆண்டு. சேலத்தில் ஒரு அரசுக் கல்லூரி. வீடு வாழப்பாடி பக்கம் ஒரு கிராமம். லேப்டாப் கிடையாது. வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான். அது என்னுடையது என்று பேர், சாயங்காலமானால் ஏழாவது படிக்கும் தம்பிக்கும் அதில் பங்கு. 64 ஜிபி மெமரி, நாளைக்கு 1.5 ஜிபி நெட். இதே நிலைமையில் இந்த வருஷம் காலேஜ் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வைஃபை, தனி ரூம் என்று இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஒரு போனை வைத்துக்கொண்டு படிப்பதில் சிக்கல் போனில் இல்லை. படிப்பு, குடும்பம், பொழுதுபோக்கு மூன்றும் ஒரே இடத்தில் கிடப்பதுதான் சிக்கல். இடம், நெட், சார்ஜ் மூன்றுக்கும் அடிதடி. அதனால் எதற்கு எந்த நேரம், எதற்கு எந்த இடம் என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

முதலில் வாட்ஸ்அப்பை அடக்குங்கள்

கிளாஸ் குரூப், டிபார்ட்மென்ட் குரூப், என்எஸ்எஸ் குரூப், சொந்தக்காரர்கள் குரூப் என்று எல்லாவற்றிலிருந்தும் காலை வணக்கம் படங்கள் வந்து 64 ஜிபியைத் தின்றுவிடும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்று இருக்கும். உள்ளே போய் படம், ஆடியோ, வீடியோ, டாக்குமென்ட் எல்லாவற்றுக்கும் ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். அதே இடத்தில் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று ஒன்று உண்டு. பெரிய ஃபைல்களை அதுவே மேலே காட்டும். மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

கிளாஸ் குரூப்பை மட்டும் பின் செய்து மேலே வையுங்கள், மற்றதெல்லாம் மியூட். இன்டர்னல் தேதி, ஃபீஸ் கட்டக் கடைசி நாள் மாதிரி செய்தி வந்தால் அங்கேயே ஸ்டார் போடுங்கள். இல்லையென்றால் இருநூறு "ஓகே சார்"களுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். நமக்கு நாமே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பஸ்ஸில் தோன்றும் சந்தேகம், நூலகத்தில் பார்த்த புத்தகப் பெயர், ஜெராக்ஸ் கடைக்குத் தர வேண்டிய பாக்கி, எல்லாவற்றையும் அதில் போட்டுவைத்து ராத்திரி ஒருமுறை பார்த்துத் துடைத்துவிடுவேன்.

நூலகத்தில் படம் எடுக்கும் முறை

வரலாறு படிப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். ரெஃபரன்ஸ் புத்தகங்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அனுமதி கேட்டுவிட்டு வேண்டிய பக்கங்களை மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் நேராக வேண்டிய பக்கத்தைத்தான் எடுப்பார்கள். நீங்கள் முதலில் தலைப்புப் பக்கத்தை எடுங்கள், அடுத்து பதிப்பகமும் ஆண்டும் இருக்கும் பக்கம், அதற்கப்புறம்தான் பாடம். அசைன்மென்டில் துணைநூல் பட்டியல் எழுத உட்காரும்போது யார் எழுதியது, எந்தப் பதிப்பு என்று திரும்ப நூலகத்துக்கு ஓட வேண்டியிருக்காது. பக்க எண் படத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம், வழவழத் தாளில் வெள்ளையாக அடித்துவிடும். ஜன்னல் பக்கத்து மேஜையில் புத்தகத்தை விரித்து, கை நிழல் விழாத பக்கம் நின்று எடுங்கள். சாதாரண கேமராவுக்குப் பதில் கூகுள் டிரைவில் இருக்கும் ஸ்கேனைப் பயன்படுத்தினால் ஓரங்களை வெட்டி, நேராக்கி, பத்துப் பக்கத்தையும் ஒரே பிடிஎஃப்பாகத் தந்துவிடும். பத்து போட்டோ கேலரியில் கிடப்பதற்கும் ஒரு பிடிஎஃப் இருப்பதற்கும் பரீட்சைக்கு முந்தின ராத்திரி வித்தியாசம் தெரியும்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதை வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று விடாதீர்கள், அங்கேயே வையுங்கள். என் ஃபைல் ஒன்றின் பெயர் இப்படி இருக்கும்: 2025-07-14 சோழர் உள்ளாட்சி உத்திரமேரூர். ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். இப்படி எழுதினால் பெயர்வரிசையில் அடுக்கும்போது தேதிவரிசையும் தானாகவே வந்துவிடும். நாளை முதலில் எழுதினால் ஜூலை 14-ம் டிசம்பர் 14-ம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெயரைத் தமிழில் வைத்தால் தேடும்போது ஒரே சொல்லில் கிடைத்துவிடுகிறது. ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பும் ஃபைலுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக வைப்பேன். சில பழைய கம்ப்யூட்டர்களில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

கடையைப் பற்றி இன்னொன்று. பிரின்ட் எடுக்க அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலைத் திறக்காதீர்கள், ஃபைலை அனுப்பினால் போதும். அவசரத்துக்கு வாட்ஸ்அப் வெப் திறந்தால், கிளம்புவதற்கு முன் உங்கள் போனில் லிங்க்ட் டிவைசஸில் போய் அதை வெளியேற்றுங்கள். ஆதார் நகல் கொடுக்கிற இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள்; அதை ஆதார் இணையதளத்திலேயே இறக்கலாம்.

சீனியர் தந்த நோட்ஸ் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதா? ஃபைல் கெட்டுப்போகவில்லை. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்தது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. எழுத்தை ஒட்டினால் தமிழாகிவிடும். அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தை எடுக்க கூகுள் லென்ஸ் போதும். தமிழையும் படிக்கிறது, ஆனால் பழைய அச்சில் ரகரத்தையும் துணைக்காலையும் (ா) குழப்பும். ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

நூலகமே போனில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம். பெரியசாமித் தூரன் பொறுப்பில் வந்த பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியமும் அங்கே கிடைக்கும். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் தேடக்கூடிய எழுத்தாகவே இருக்கின்றன. அடிப்படை புரியவில்லையென்றால் கௌரவம் பார்க்காமல் பதினோராம் வகுப்பு அரசு வரலாற்றுப் புத்தகத்தை இறக்கிப் படியுங்கள். எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் குரூப் 4-க்கு அதைத்தான் படிக்கிறார்கள்.

நெட்டைச் செலவழிக்கும் நேரம்

ராத்திரி 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கிவிடும், மிச்சம் இருந்தது போச்சு. 1.5 ஜிபி தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அதில் மெசேஜ் போகும், வேறொன்றும் ஓடாது. ஆகவே பகலில் சிக்கனமாக இருந்து, ராத்திரி பத்தரைக்கு மேல் மீதியை வைத்து நாளைய பஸ்ஸுக்கு வேண்டியதை இறக்கிவைப்பது என் பழக்கம். ஆள் பேசும் பாடத்துக்கு 360பி போதும். பேச்சுதான் பாடம், முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் என்ன? யூடியூப் ஆப்பில் சேமித்த வீடியோ, நாள்கணக்கில் நெட்டே போடாமல் விட்டால் திறக்காமல் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடம் கேட்பது இலவசம்; சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.

பிளே ஸ்டோரின் ஆட்டோ அப்டேட்டை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள். கூகுள் போட்டோஸுக்கும் அதே மாதிரி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மெயில், டிரைவ், போட்டோ மூன்றும் அடக்கம். அதைக் கல்யாண வீடியோக்களால் நிரப்பிவிட்டால் காலேஜிலிருந்து வரும் மெயில்கூட உள்ளே நுழையாது.

வீட்டில் போன் இருக்க வேண்டிய இடம்

எங்கள் வீட்டில் சார்ஜர் சமையலறையில், மிக்ஸி பக்கத்து பிளக்கில் மாட்டியிருக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தால் ரீல்ஸில் மணி ஒன்று ஆவது தெரியாது. எழுப்புவதற்கு டைம்பீஸ் ஒன்று வாங்கினேன். அது அடிக்கிற சத்தத்தில் கோழிக்கு முன்னால் பாட்டி எழுந்துவிடுகிறார், அதை விடுங்கள்.

சும்மா சைலன்ட்டில் போட்டுவிட்டுப் படிக்க எனக்கு வழியில்லை. அப்பா லாரியில் போகிறவர், எந்த நேரம் கூப்பிடுவார் என்று சொல்ல முடியாது. டு நாட் டிஸ்டர்பை ஆன் செய்து, ஸ்டார் போட்ட நம்பர்கள் மட்டும் ஒலிக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். கால் மணி நேரத்துக்குள் ஒரே ஆள் இரண்டாவது முறை கூப்பிட்டால் அடிக்கும் வசதியும் அதிலேயே உண்டு. இன்ஸ்டாகிராம் ஆப்பை எடுத்துவிட்டு பிரவுசரில் பார்க்கிறேன், பார்த்ததும் லாக் அவுட். ஒவ்வொரு தடவையும் நீளமான பாஸ்வேர்டை அடிப்பதற்குள் பாதி ஆசை போய்விடும். ஆப் டைமர் எனக்கு உதவவில்லை. நேரம் முடிந்தது என்று சொன்னால் நானே போய் நீட்டிக்கொள்கிறேனே!

தம்பி கையில் கொடுக்கும்போது ஆப் பின்னிங் போடுங்கள். செக்யூரிட்டி செட்டிங்ஸில் இருக்கிறது. அவன் கேமை விட்டு வெளியே வர பின் நம்பர் கேட்கும்; என் கேலரிக்கும் யுபிஐக்கும் போக முடியாது. "அக்கா, ஒரே ஒரு மேட்ச், எடுத்து விடுக்கா" என்று கத்துவான். கத்தட்டும்.

பேசி எழுதுவது, கேட்டுப் படிப்பது

கட்டைவிரலால் நான்கு பக்கம் அடிப்பது கொடுமை. ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்திப் பேசுங்கள். நான் மாடியில் நடந்துகொண்டே அன்றைய பாடத்தை யாருக்கோ சொல்வது போலச் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து திருத்துவேன். புள்ளி, காற்புள்ளி நாமே போட வேண்டும். ல, ள, ழ-வும் மன்னர் பெயர்களும் தடுமாறும். திருத்தும்போதே பாடம் இரண்டாவது முறை படித்தாகிவிடுகிறது. எங்களுக்கு அசைன்மென்ட் கையால்தான் எழுதித் தர வேண்டும். ஆகவே இது மூன்றாவது முறை.

ஏஐ சாட்டிடம் பதில் கேட்பதைவிட, என்னைக் கேள்வி கேள் என்று சொல்வது நல்லது. நான் என் நோட்ஸை ஒட்டி, இதிலிருந்து மட்டும் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து கேள் என்பேன். அதுவாகச் சொல்லும் ஆண்டுகளையும் பெயர்களையும் புத்தகத்தில் பார்க்காமல் எழுத மாட்டேன். குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி ஒருமுறை கேட்டதற்கு, முதலாம் ராஜராஜன் காலம் என்று அழகான தமிழில் அடித்துச் சொன்னது. அவை முதலாம் பராந்தகன் காலத்தவை, 919-ம் 921-ம். சந்தேகமே இல்லாத குரலில் சொல்வதால்தான் ஏமாறுகிறோம்.

நம்பரை மாற்றாதீர்கள்

ஆஃபர் வருகிறதென்று சிம்மை மாற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வங்கி, ஆதார், யுமிஸ் (கல்லூரி மாணவர் விவரம் இருக்கும் அரசுத் தளம்), ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்குகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, ரீசார்ஜும் அதிலிருந்துதான். ஓடிபி பழைய நம்பருக்குப் போனால் அலைய வேண்டியது நாம்தான். கம்பெனி பிடிக்கவில்லையென்றால் நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மாற்றுங்கள். ஆங்கில எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் நம்பரையும் சேர்த்து 1900-க்கு மெசேஜ் அனுப்பினால் கோடு வரும். அதைக் கடையில் கொடுத்தால் சரி.

"உங்க ஸ்காலர்ஷிப் நிக்குதும்மா, லிங்கை அழுத்துங்க" என்று கூப்பிடுவார்கள். தமிழில், மரியாதையாக, உங்கள் பெயர்கூடத் தெரிந்து பேசுவார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போடவே வேண்டியதில்லை. போடச் சொன்னால் அது திருட்டு. ஸ்க்ரீன் ஷேர் செய்யும் ஆப்பை ஏற்றச் சொன்னாலும் அதேதான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், தாமதிக்கத் தாமதிக்க அது கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும். மார்க்‌ஷீட், ஆதார் எல்லாம் டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் கேலரியில் தனியாக வைத்திருக்க வேண்டாம்.

செமஸ்டர் முடிந்ததும் ஒரு மதியம் ஒதுக்குங்கள். போனிலேயே நேராகச் சொருகும் ஓடிஜி பென்டிரைவ் ஒன்று வாங்கி, செமஸ்டர் பெயரில் ஃபோல்டர் போட்டு எல்லா பிடிஎஃப்பையும் அதில் நகலெடுங்கள். இரண்டு மூன்று ஃபைலைப் பென்டிரைவிலிருந்தே திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு போனில் அழியுங்கள். ஜூனியர்கள் கேட்டால் அந்த ஃபோல்டரைத் தரலாம். கொடுப்பதற்கு முன் அதில் உங்கள் ஆதாரோ பேங்க் பாஸ்புக் படமோ கலந்து கிடக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்த ஒரு சீனியர் ஃபோல்டரில் அவருடைய ஜாதகமே இருந்தது.