பிக்கப்புக்கு ஆல் டெரெய்ன் டயர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தார்ச் சாலை, மண் பாதை இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் வாங்கப் போகிற பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது பட்டனைத்தான், அதாவது தரையைத் தொடுகிற ரப்பர் கட்டைகளை. எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது, வெள்ளை எழுத்து இருக்கிறதா, வண்டி நின்றால் கம்பீரமாகத் தெரியுமா என்று. டயர் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பதைச் சொல்வதோ பக்கச் சுவரில் பொடியாக அச்சிட்டிருக்கும் எழுத்துகளும் எண்களும். அதைப் படிக்காமல் வாங்குவதில்தான் முக்கால்வாசிச் சிக்கல் தொடங்குகிறது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிற டயரின் அளவைப் பார்த்து அதையே கேட்டு வாங்குவது பழக்கம். பழைய வண்டியாக வாங்கியிருந்தால் இதை நம்பாதீர்கள். முன்பு வைத்திருந்தவர் தன் ஆசைக்கு வேறு அளவு போட்டிருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி சொன்ன அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கின்றன, கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள். 265/70ஆர்17 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம். இதுவரை பலருக்கும் தெரியும்.

தெரியாமல் போவது இந்த எண்ணுக்கு முன்னால் எல்டி (LT) என்று இருக்கிறதா இல்லையா என்பதும், பின்னால் வருகிற, டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் எடைக் குறியீடும்தான். எல்டி என்பது பாரம் ஏற்றுகிற வண்டிகளுக்கான தடித்த கட்டுமானம். எல்டி இல்லாதது கார், எஸ்யூவிகளுக்கான சாதாரணக் கட்டுமானம், நிறைய பிக்கப்புகள் ஷோரூமிலிருந்து இதோடுதான் வருகின்றன. ஒரே அளவு இரண்டிலும் கிடைக்கும், பட்டனும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இரண்டும் வேறு டயர்கள். எல்டியிலேயே சி, டி, ஈ என்று பிரிவுகள் உண்டு. இவற்றை 6 பிளை, 8 பிளை, 10 பிளை என்பார்கள். உள்ளே அத்தனை அடுக்கு இருப்பதாக நினைக்க வேண்டாம், பழைய காலத்துப் பருத்தி அடுக்குகளின் பலத்தோடு ஒப்பிட்டு வைத்த கணக்கு அது.

"எல்டி என்றாலே பலம்" என்று நினைத்துக் காற்றை மட்டும் பழைய அளவிலேயே அடிப்பதுதான் என் கணக்கில் இருப்பதிலேயே மோசமான தவறு. 265/70ஆர்17 சாதாரண டயரில் எடைக் குறியீடு 115 என்று இருந்தால் ஒரு டயர் 1215 கிலோ தாங்கும், அதுவும் 35, 36 பிஎஸ்ஐ காற்றிலேயே. அதே அளவில் எல்டி சி பிரிவில் 112 என்று வருகிறது, அதாவது 50 பிஎஸ்ஐ அடித்தாலும் 1120 கிலோதான். ஈ பிரிவில் 121, அதாவது 1450 கிலோ, ஆனால் அதற்கு 80 பிஎஸ்ஐ வேண்டும். பலமான டயர்தான், ஆனால் அந்தப் பலத்தைக் காற்றை வைத்துத்தான் எடுக்க முடியும். கதவு ஸ்டிக்கரில் 35 என்று இருப்பதைப் பார்த்து எல்டிக்கும் 35 அடித்துவிட்டுப் பாரம் ஏற்றி வேகமாக ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், அந்தச் சூட்டில் டயர் பிய்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு. இன்னொன்று, வண்டியில் இருக்கிற காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு பழைய ஸ்டிக்கர் அளவை வைத்துத்தான் எரியும், எல்டிக்குக் காற்று போதாமல் இருந்தாலும் அது வாயே திறக்காது. டயர் கம்பெனிகள் எடைக்கும் காற்றுக்கும் ஒரு அட்டவணை வைத்திருக்கின்றன, கடைக்காரரிடம் கேட்டு உங்கள் அச்சுக்கு வரும் எடைக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் இருக்கிறார்கள். பக்கச் சுவரில் 80 என்று இருக்கிறது, அதனால் 80. அது உச்ச வரம்பு ஐயா, தினமும் அடிக்க வேண்டிய அளவு இல்லை. காலி வண்டியில் 80 அடித்தால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு நடுவிலேயே தேயும், ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும், ஈரச் சாலையில் பிடிமானமும் குறையும்.

சரி, அப்போது ஈ பிரிவு யாருக்கு? கூரிய கல் நிறைந்த பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு, கனமான டிரெய்லர் இழுப்பவர்களுக்கு, பின்பெட்டி எப்போதும் நிறைந்தே இருப்பவர்களுக்கு. பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான், அங்கே தடித்த சுவர் காப்பாற்றும். மற்றவர்களுக்கு அது சும்மா சுமக்கிற எடை. ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ கூடுவது சுழலுகிற எடை என்பதால் வண்டி கிளம்புவதிலும் பிரேக் பிடிப்பதிலும் எரிபொருளிலும் தெரியும். மாதத்தில் ஒரு நாள் மண் பாதை, மீதி நாளெல்லாம் தார்ச் சாலை என்றால் சாதாரணக் கட்டுமானத்தில் வருகிற ஆல் டெரெய்னே தாராளம். யாரும் கேட்காமலேயே "பத்து பிளை போடுங்க சார்" என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், அசையாதீர்கள்.

அடுத்தது பெரிய டயர் மோகம். 265/70ஆர்17 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 803 மில்லிமீட்டர், 285/70ஆர்17 போட்டால் 831. வித்தியாசம் மூன்றரை சதவீதம், பெரிதாகத் தெரியாதுதான். ஆனால் ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும், ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும். "புது டயர் மைலேஜைத் தின்னுது" என்கிற புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான், மீதி டயரின் எடையும் முரட்டுப் பட்டனும். உரசுகிறதா என்று பார்க்கச் சமதளத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்பினால் போதாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மட்கார்டையும் உள் பிளாஸ்டிக்கையும் தொடுகிறதா என்று பாருங்கள், ரிவர்ஸிலும் ஒருமுறை. அப்புறம் ஸ்டெப்னி. பெரிய டயர் பின்பெட்டிக்கு அடியில் இருக்கிற இடத்தில் நுழையுமா என்று யாரும் முன்கூட்டியே பார்ப்பதில்லை.

ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவதும் தவறுதான், அதுவும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில். முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு சுற்றும்போது சக்கரங்களின் சுற்றளவு வேறுபட்டால் அந்த இழுபறியெல்லாம் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸிலும் டிஃபரென்ஷியலிலும் போய் விழும். இரண்டு டயர் மட்டும் மாற்றி, மீதி இரண்டு பாதி தேய்ந்ததாக இருந்தாலும் இதே கதை, ஏனென்றால் ஆல் டெரெய்னில் பட்டன் ஆழம் அதிகம், புதிதுக்கும் தேய்ந்ததுக்கும் விட்டத்தில் நல்ல வித்தியாசம் வரும். எத்தனை மில்லிமீட்டர் வரை பரவாயில்லை என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். டூ வீல் டிரைவ் வண்டியில் இரண்டு மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடுங்கள், மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம்.

பட்டன் இடைவெளி பெரிதாக இருந்தால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இடைவெளி தண்ணீரை வெளியேற்றும், உண்மைதான், ஆனால் ஈரத் தாரில் பிரேக் பிடிப்பது ரப்பரின் தன்மையாலும் பட்டனில் கத்தியால் கீறியதுபோல இருக்கிற மெல்லிய வெட்டுகளாலும்தான். சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர்கள் ஈரச் சாலையில் திணறுவது இதனால்தான், சத்தமும் அதிகம். பனி விழுகிற இடத்தில் இருந்தால் சேறும் பனியும் என்பதைக் குறிக்கிற எம் பிளஸ் எஸ் (M+S) என்ற குறியை மட்டும் நம்பாதீர்கள், அது பட்டனின் வடிவத்தைப் பார்த்துப் போடுவது. மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம் இருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறியது என்று அர்த்தம்.

டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டப் பக்கச் சுவரில் போடுகிற தேய்மான எண்ணை வைத்து இரண்டு கம்பெனி டயர்களை ஒப்பிடுவதும் பெரிய பயன் தராது. அந்த எண்ணைத் தருவது அந்தந்தக் கம்பெனியேதான், எல்டி டயர்களுக்கு அது கட்டாயமும் இல்லை.

வாங்குகிற நாளில் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் தயாரித்தது. முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், மாட்டிய பிறகு அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும், அதனால் மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். தள்ளுபடி தாராளமாக இருந்தால் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பழைய டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டைச் சரி செய்யாமல் புதியதை ஓட்டக்கூடாது, சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே அதே ஓரம் போய்விடும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றுங்கள், ஸ்டெப்னி அதே அளவு, அதே ரிம் என்றால் அதையும் சேர்த்து ஐந்தாக. மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். புது ரப்பரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வளைவுகளில் கொஞ்சம் நிதானமாகப் போங்கள்.