சி டைப் என்றால் எல்லாம் ஒன்று இல்லை

2023 செப்டம்பரில் ஐபோன் 15 சி டைப்புக்கு வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் புதிதாக விற்கிற போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் எல்லாவற்றுக்கும் அதே போர்ட்தான் என்று சட்டமும் வந்துவிட்டது, லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் வரை டைம் கொடுத்தார்கள். நல்ல சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ‘இனி எந்த கேபிளை எதில் குத்தினாலும் ஓடும்’ என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் காசும் நேரமும் போகிறது. சி டைப் என்பது ஓட்டையின் வடிவம் மட்டும்தான். அந்த ஓட்டை வழியாக எவ்வளவு கரன்ட் போகும், டேட்டா எவ்வளவு வேகத்தில் போகும், டிவிக்குப் படம் போகுமா என்பதெல்லாம் வடிவத்தைப் பார்த்தால் தெரியாது.

முதல் தவறு, சார்ஜருக்கு ரெண்டாயிரம் ரூபாய் போட்டு வாங்கிவிட்டு கேபிளுக்கு டிராயரில் கிடப்பதை எடுப்பது. சாதாரண சி டு சி கேபிள், அதாவது இரண்டு முனையும் சி ஆக இருப்பது, 3 ஆம்பியருக்குத்தான். 20 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 60 வாட், அவ்வளவுதான். 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள்ளேயே ஒரு குட்டி சிப் இருக்க வேண்டும், ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று அது சார்ஜரிடம் சொன்னால்தான் சார்ஜர் திறந்துவிடும். 100 வாட் சார்ஜர், 100 வாட் கேட்கிற லேப்டாப், நடுவில் போனோடு வந்த கேபிள் என்றால் ஏறுவது 60 வாட்தான். லேப்டாப் மெதுவாக ஏறுகிறதென்று சார்ஜரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

அதே போன் கேபிளில் ஹார்டு டிஸ்க்கை மாட்டி 100 ஜிபி வீடியோ காப்பி செய்வது இன்னொரு கொடுமை. பெட்டியில் வரும் சார்ஜிங் கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2 வேகம்தான், அதாவது 2000ஆம் ஆண்டில் வந்த, நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு முப்பது நாற்பது எம்பி கிடைத்தால் பெரிது, 100 ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐபோன் 15 ப்ரோ நொடிக்கு 10 ஜிகாபிட் போகும் என்று விளம்பரம் செய்தார்கள், பெட்டிக்குள் வைத்த கேபிள் யூஎஸ்பி 2. சி கேபிளில் மாட்டிய மானிட்டரில் படம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களும் முதலில் கேபிளைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் லேப்டாப்பின் அந்தப் போர்ட்டுக்குப் படம் அனுப்பத் தெரியுமா என்று பாருங்கள். விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் சி போர்ட் டேட்டாவுக்கு மட்டும்தான்.

அடுத்தது, நல்ல பொருளைச் செத்துப்போனதாக நினைத்து ரிட்டர்ன் போடுவது. ட்ரிம்மர், டார்ச், கழுத்தில் மாட்டும் ஃபேன், இந்த மாதிரி ஐட்டங்களில் சி போர்ட் இருக்கும், ஆனால் போனின் சி டு சி கேபிளில் மாட்டினால் ஒரு லைட்கூட எரியாது. கூட வந்த பழைய மாதிரி, ஒரு பக்கம் பட்டையான யூஎஸ்பி, மறுபக்கம் சி உள்ள கேபிளில் மாட்டினால் ஏறும். காரணம் ரொம்பச் சின்னது. பட்டை போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். சி போர்ட் அப்படியில்லை, எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (கரன்டைத் தடுக்கும் குட்டிப் பாகம்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரன்டையே விடும். அந்த ரெசிஸ்டர் இரண்டு வேண்டும், காசு பெறாத சாமான், அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள். மட்டமான கம்பெனிதான் இப்படிச் செய்யும் என்றும் இல்லை. 2019 ஜூனில் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டில் இரண்டு ரெசிஸ்டருக்குப் பதில் ஒன்றையே சி போர்ட்டின் இரண்டு பின்னுக்கும் (உள்ளே இருக்கிற உலோக முனை) சேர்த்துப் போட்டுவிட்டார்கள். விளைவு, சாதா கேபிளில் ஓடியது, சிப் வைத்த விலையுயர்ந்த கேபிளில் ஓடவில்லை! பிறகு வந்த போர்டுகளில் சரிசெய்தார்கள்.

‘65 வாட் சார்ஜரைப் போட்டால் போன் வெடித்துவிடும்’ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஒழுங்கான சார்ஜர் 5 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும், போன் கேட்டால்தான் ஏற்றும், 20 வாட் கேட்கிற போனுக்கு 20தான் போகும். பயப்பட வேண்டியது வாட்டுக்கு அல்ல, தப்பாக வயர் இழுத்த கேபிளுக்கு. கூகுள் இன்ஜினியர் பென்சன் லியுங் 2015 கடைசியில் ஆன்லைனில் விற்ற சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதிக்கொண்டிருந்தார். 2016 பிப்ரவரியில் அப்படி வாங்கிய ஒரு கேபிளில் பவர் வயரும் கிரவுண்டு வயரும் இடம் மாறியிருந்தது, மாட்டியதும் அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப் காலி. அடுத்த மாதமே அமேசான் இந்த மாதிரி தரமில்லாத கேபிள்களுக்குத் தடை போட்டது.

அட்டையில் பெரிதாக ‘65 வாட்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்புவதும் தவறுதான். சார்ஜரைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். 9 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று வரிசையாக இருந்தால் பவர் டெலிவரி, அதாவது எல்லா பிராண்டுக்கும் பொதுவான யூஎஸ்பி சார்ஜிங் முறை, உண்டு, லேப்டாப்புக்கும் ஆகும். 5 வோல்ட்டுக்குப் பிறகு 10 வோல்ட், 11 வோல்ட் என்று விநோதமான எண்ணில் 6 ஆம்பியருக்கு மேல் போட்டிருந்தால் அது அந்த பிராண்டு போனுக்கும் அதன் கேபிளுக்கும் மட்டும் செய்த வேகம், ஒப்போ, ஒன்பிளஸ்ஸின் சூப்பர்வூக் என்ற வேக சார்ஜிங் இந்த ரகம். இரண்டு போர்ட் இருந்தால் ‘65 வாட்’ என்பது இரண்டுக்கும் சேர்த்து, போனையும் சேர்த்து மாட்டினால் லேப்டாப்புக்கு 45 ஆகக் குறையலாம், எப்படிப் பிரியும் என்பதும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

பவர் பேங்கிலும் இதே விளையாட்டு. 10000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 37 வாட் ஹவர். அதை 5 வோல்ட்டாக மாற்றி வெளியே தரும்போது சேதாரமும் போக ஆறாயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும், அட்டையின் ஓரத்தில் அதையும் அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. விமானத்தில் பார்ப்பதும் வாட் ஹவரைத்தான், எம்ஏஎச்சை அல்ல. 100 வரை கைப்பையில் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 20000 எம்ஏஎச் என்றால் 74, பிரச்சினையில்லை. 30000 என்றால் 111, ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் கொண்டுபோனால் செக்யூரிட்டியிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.