வராத குழந்தையைக் காட்டும் பதிவேடு: நாடு தழுவிய தடுப்பூசிப் பதிவை டிஜிட்டலில் தொடங்குவது எப்படி?

போன மாதம் எத்தனை ஊசி போட்டீர்கள் என்று கேட்டால் எந்தச் சுகாதார நிலையமும் உடனே பதில் சொல்லிவிடும். வரவேண்டியவர்களில் யார் யார் வரவில்லை என்று கேட்டால்தான் திணறும். காகிதப் பதிவேட்டில் வந்தவர்கள் தேதிவாரியாக இருப்பார்கள். வராதவரைத் தேட ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். அந்தக் குழந்தை வேறு ஊருக்குப் போய் அங்கே ஊசி போட்டுக்கொண்டதா என்பதும் இங்கே தெரியாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2024 ஜூலையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னிக்கான தடுப்பூசியின் முதல் தவணைகூடப் போடாத குழந்தைகள் 2023இல் மட்டும் ஏறத்தாழ 1.45 கோடி.

அந்தக் குழந்தைகளைப் பெயரோடு கண்டுபிடிக்கத்தான் டிஜிட்டல் பதிவேடு. நார்வே 1995 முதலும், ஆஸ்திரேலியா 1996 முதலும் தேசிய அளவில் இப்படியொன்றை நடத்தி வருகின்றன. தடுப்பூசித் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், சுகாதாரத் துறைக்காக மென்பொருள் எழுதத் தொடங்குபவர்களுக்கும் இந்த விளக்கம்.

படி 1: ஊசியிலிருந்து அல்ல, பிறப்பிலிருந்து தொடங்குங்கள்

பல இடங்களில் குழந்தை முதல் தவணைக்கு வரும்போதுதான் அதன் பெயரைக் கணினியில் ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால், ஒருமுறைகூட வராத குழந்தை அந்தக் கணினியைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. பிரசவம் நடக்கும் மருத்துவமனையிலேயே பதிவு தொடங்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடும் நாடுகளில் இது எளிது, பதிவும் ஊசியும் ஒரே கையில் முடியும். பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தின் தரவும் தானாக வந்து சேர ஏற்பாடு வேண்டும். வீட்டுப் பிரசவங்களைக் களப் பணியாளர்தான் சேர்க்க முடியும், அதற்கெனத் தனிப் படிவம் கொடுங்கள். இறப்பு விவரம் வராவிட்டால், குழந்தையை இழந்த தாய்க்கு ‘தடுப்பூசி போட வாருங்கள்’ என்று செய்தி போகும். அந்த ஒரு காரணமே இந்த இணைப்பை முதல் நாளிலேயே செய்யப் போதுமானது.

படி 2: ஒரு குழந்தைக்கு ஒரே எண்

பிறந்த குழந்தைக்குப் பெயர் இருக்காது. ‘இன்னாரின் குழந்தை’ என்று தாய் பெயரில் பதிவாகும். பெயர் வைத்தபின் வேறொரு மையத்துக்குப் போனால் அங்கே புதுப் பதிவு. ஒரே குழந்தை இரண்டாகிவிடும், முதல் பதிவு காலத்துக்கும் ‘வரவில்லை’ என்றே காட்டும். முகமது, முஹம்மது என்று எழுத்து மாறினாலும் இதே கதைதான்.

எனவே பிறந்தவுடன் ஒரு தனி எண் கொடுத்து, அதைக் க்யூஆர் குறியீடாகத் தடுப்பூசி அட்டையில் அச்சிடுங்கள். அட்டை தொலைந்தால் தாயின் பெயர், கைபேசி எண், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துத் தேட வசதி வேண்டும். கைபேசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எண் மாறும், ஒரே எண்ணைக் குடும்பமே பயன்படுத்தும்.

இரட்டைப் பதிவுகளைக் கணினி சுட்டிக்காட்டலாம், ஆனால் தானாக ஒன்றுசேர்க்கக் கூடாது. இரட்டைக் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள்: ஒரே தாய், ஒரே தேதி, ஒரே கைபேசி எண், பாலினம்கூட ஒன்றாக இருக்கலாம். தவறாகச் சேர்த்துவிட்டால் ஒரு குழந்தைக்குப் போட்ட ஊசி இன்னொன்றின் கணக்கில் ஏறி, ஊசியே போடாத குழந்தை ‘முடிந்தது’ பட்டியலுக்குப் போய்விடும். பிறப்பு வரிசைக்கு ஒரு கட்டம் வைத்து, இறுதி முடிவை ஒரு மனிதரிடம் விடுங்கள்.

படி 3: எழுத வேண்டியதை மட்டும் எழுதுங்கள்

எந்தத் தடுப்பூசி, எத்தனையாவது தவணை, போட்ட தேதி, மருந்தின் தொகுப்பு எண், போட்ட இடம். இவ்வளவு போதும். தொகுப்பு எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு தொகுப்பில் குறை இருப்பதாகத் தெரியவந்தால் அது யாருக்கெல்லாம் போடப்பட்டது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தேதியில் பிழைகள் எளிதாக நுழையும். பகலில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து கணினியில் ஏற்றினால், திரையில் அன்றைய தேதியே தயாராக நிற்கும். அவசரத்தில் அதுவே பதிவாகிவிடும். போட்ட தேதி, ஏற்றிய தேதி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். அதேபோல, பழைய ஊசிகளை ஏற்றும்போது அட்டையைப் பார்த்து எழுதியதா, தாய் வாய்மொழியாகச் சொன்னதா என்பதையும் குறியுங்கள். இரண்டின் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல.

படி 4: அட்டவணையை விதிகளாக எழுதுங்கள்

மென்பொருள் எழுதுபவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசிக்குப் பல நாடுகளின் அட்டவணை 6, 10, 14 வாரம். 2025 ஜனவரி 5 அன்று பிறந்த குழந்தைக்கு பிப்ரவரி 16, மார்ச் 16, ஏப்ரல் 13 என்று மூன்று தேதிகள் வரும். இவற்றை அப்படியே சேமித்துவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும்.

அந்தக் குழந்தை முதல் தவணைக்கே மார்ச் 10 அன்றுதான் வருகிறது என்று வையுங்கள். அட்டவணைத் தேதியை மட்டும் பார்க்கும் மென்பொருள் ஆறு நாள் கழித்து, மார்ச் 16 அன்று, இரண்டாம் தவணைக்கு அழைத்துவிடும். இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது 4 வாரம் வேண்டும். ஆகவே இரண்டாவது ஏப்ரல் 7க்கு முன் கூடாது. அன்றே போட்டால் மூன்றாவது மே 5. அதாவது ஒவ்வொரு முறையும் ‘அட்டவணைத் தேதி, முந்தைய தவணையிலிருந்து 28 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது’ என்று கணக்கிட வேண்டும். எவ்வளவு தாமதமானாலும் முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதையும் விதியில் சேருங்கள். பணியாளர் தயங்கித் தாயைத் திருப்பி அனுப்பாமல் இருக்க இது உதவும்.

புதுத் தடுப்பூசி சேரும்போது அட்டவணை மாறும். விதிகளை நிரலுக்குள் புதைக்காமல் தனி அட்டவணையாக வைத்தால், நாடு முழுவதும் செயலியைப் புதுப்பிக்காமலே மாற்றலாம்.

படி 5: இணையம் இல்லாமலும் ஓட வேண்டும்

தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகள் விடுபடும் இடங்களில் பல, சிக்னல் கிடைக்காதவை. டேப்லெட்டிலேயே பதிவு சேமிக்கப்பட்டு, இணைப்பு வரும்போது சர்வருக்குப் போக வேண்டும். ஒரே குழந்தையின் பதிவை இருவர் திருத்தியிருந்தால், பிந்தி வந்தது முந்தையதை அழித்துவிடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு எச்சரிக்கை காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஆஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளில் தனிநபர் வாரியாகத் தொடரும் வசதி இருக்கிறது. முதலில் அதைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

படி 6: பட்டியல் கைக்கு வர வேண்டும்

இதுவரை செய்த எல்லாமே இந்தப் படிக்காகத்தான். வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு களப் பணியாளருக்கும் அவர் பகுதிக் குழந்தைகளின் பட்டியல் போக வேண்டும்: இந்த வாரம் வரவேண்டியவர்கள், தவணை தவறியவர்கள், ஒரு தவணைகூடப் போடாதவர்கள். கடைசி வகையினர் மேலே இருக்கட்டும். தலைமை அலுவலகத்தில் வண்ண வரைபடங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், வீடு தேடிப் போகிறவரிடம் இந்தப் பட்டியல் இல்லையென்றால் பதிவேட்டுக்குக் கொட்டிய உழைப்பெல்லாம் வீண் என்பதே என் உறுதியான கருத்து.

பெற்றோருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், பயன் தருகிறது. அதில் தேதியும் இடமும் போதும்.

போய்வந்தவர் ஏன் வரவில்லை என்ற காரணத்தையும் ஏற்ற வேண்டும்: ஊர் மாறிவிட்டார்கள், குழந்தைக்கு அன்று காய்ச்சல், மையத்தில் மருந்து தீர்ந்திருந்தது, குடும்பத்துக்குப் பயம். மருந்து தீர்ந்ததால் திரும்பிய தாயை ‘மறுத்தவர்’ என்று எழுதினால் அவருக்கும் அநியாயம், திட்டத்துக்கும் கேடு.

படி 7: காகிதத்துக்கு முடிவுத் தேதி குறியுங்கள்

கணினியிலும் எழுது, பழைய பதிவேட்டிலும் எழுது என்று ஆண்டுக்கணக்கில் சொன்னால் இரண்டுமே அரைகுறையாகும். சில மாதம் இரண்டையும் நடத்தி, எண்ணிக்கை ஒத்துப்போவதை உறுதிசெய்தபின் மையத்தின் காகிதப் பதிவேட்டை நிறுத்திவிடுங்கள். தாயின் கையிலுள்ள அட்டை மட்டும் தொடர வேண்டும், அது குடும்பத்தின் சொத்து.

படி 8: யார் எதைப் பார்க்கலாம்

முகவரியும் கைபேசி எண்ணும் உள்ள தரவு இது. வன்முறையிலிருந்து தப்பி வேறிடம் போன ஒரு தாயின் புது முகவரி, குழந்தையின் தடுப்பூசிப் பதிவு வழியாகவே வெளியே போய்விடலாம். மேலதிகாரிக்கு எண்ணிக்கை போதும், பெயர் தேவையில்லை. யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும்.

படி 9: எண்களைச் சந்தேகத்தோடு படியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது இடைநிற்றல் விகிதம். பென்டாவேலன்ட் முதல் தவணை 200 பேர், மூன்றாம் தவணை 170 பேர் என்றால் விட்டுப்போனவர்கள் 30, அதாவது 15 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த மையத்தை நேரில் போய்ப் பார்ப்பது வழக்கம்.

பிறந்த குழந்தைகளில் 108 சதவீதத்துக்கு ஊசி போட்டதாக ஒரு மாவட்டம் காட்டினால் கைதட்ட வேண்டாம். பிறப்புக் கணக்கு குறைவாக இருக்கலாம், பக்கத்து மாவட்டக் குழந்தைகள் வந்திருக்கலாம், இரட்டைப் பதிவுகள் இருக்கலாம். குழந்தை வசிக்கும் இடம், ஊசி போட்ட இடம் என இரண்டு வகையிலும் கணக்கெடுத்தால் எது காரணம் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

படி 10: சிறிதாகத் தொடங்கி விரியுங்கள்

இந்தியாவின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்கூட 2023இல் 65 மாவட்டங்களில் சோதனையாகத்தான் தொடங்கியது. சோதனைக்கு வசதியான நகரத்தை மட்டும் எடுக்காதீர்கள். இணைப்பு மோசமான ஒரு மலைப்பகுதி, இடம்பெயர்வோர் அதிகமுள்ள ஒரு தொழிற்பகுதி, தனியார் மருத்துவமனைகள் நிறைந்த ஒரு நகரம் மூன்றும் இருக்கட்டும். ஒரு குழந்தையின் பதிவை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று வரிசை நீண்டிருக்கும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள். பணியாளர்கள் எந்தக் கட்டத்தை நிரப்பாமல் தாண்டிப் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அடுத்த மாவட்டத்துக்குப் போகும் முன் அதைச் சரிசெய்யுங்கள், தேவையில்லையென்றால் நீக்கிவிடுங்கள்.