பிளஸ் டூ கணிதத் தேர்வு: ஆண்டுதோறும் திரும்பி வரும் தவறுகள்

காட்பாடியில் மாலை வேளைகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வேலூர், ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று பழைய வடஆற்காட்டின் பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளிகள் வேறு, பயிற்றுமொழி வேறு, வீட்டுச் சூழல் வேறு. இருந்தும் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தால், முன்பு படித்துச் சென்ற அண்ணன்களும் அக்காக்களும் எந்த இடத்தில் மதிப்பெண்ணை விட்டார்களோ அதே இடத்தில் இவர்களும் விட்டிருப்பது தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டல் கழித்தல் குறி மாறுவது, தொகையிடல் மாறிலியை மறப்பது, வினா எண்ணைத் தவறாக எழுதுவது போன்றவற்றை எல்லா ஆசிரியர்களும் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோராம் வகுப்புக் கணிதத்தை முடிந்துபோன பாடமாக எண்ணுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைச் சினம்கொள்ளச் செய்யும் தவறு இது ஒன்றுதான். இதில் மாணவரைவிடப் பெரியவர்களின் பங்கே அதிகம். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்றே கணக்கிடப்படுகிறது. பதினோராம் வகுப்பு மதிப்பெண் அதில் சேர்வதில்லை. இதைக் காரணம் காட்டி, பதினோராம் வகுப்பில் காலடி வைத்த சில மாதங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைத் தொடங்கிவிடும் பள்ளிகள் நெடுங்காலமாக உண்டு. 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பொதுத்தேர்வு இருந்த ஆண்டுகளிலும், தேர்ச்சி பெற்றால் போதும் என்ற அளவுக்கு அந்த ஆண்டை நடத்தி முடிக்கும் மனநிலை மாறவில்லை; 2025-26ஆம் கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வும் கைவிடப்பட்டுவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் வந்தார். அவருடைய பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் தொகுதியை முந்தைய ஆண்டே முடித்திருந்தார்கள். காலாண்டுத் தேர்வில் வகுப்பில் முதலிடம் பெற்றவர், அரையாண்டில் இருபது மதிப்பெண்ணுக்கு மேல் இழந்திருந்தார். நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றை அவருடைய விடைத்தாளில் பார்த்தேன். எக்ஸைப் பொறுத்து ஒய்யின் வகைக்கெழுவுடன், எக்ஸால் வகுக்கப்பட்ட ஒய்யைக் கூட்டினால் சைன் எக்ஸ் கிடைக்கிறது என்பது சமன்பாடு. அது நேரியல் வகையைச் சேர்ந்தது என்று சரியாக எழுதியிருந்தார். தொகையீட்டுக் காரணி எக்ஸ் என்பதையும் பிழையின்றிக் கண்டுபிடித்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் புதிதாகக் கற்க வேண்டியது அவ்வளவுதான். அதன்பின் எக்ஸையும் சைன் எக்ஸையும் பெருக்கித் தொகையிட வேண்டிய இடத்தில், இரண்டையும் தனித்தனியே தொகையிட்டு விடைகளைப் பெருக்கி வைத்திருந்தார். பகுதித் தொகையிடல் முறையில் செய்திருந்தால், எக்ஸ் கொசைன் எக்ஸை எதிர்க்குறியுடன் எழுதி, அதனுடன் சைன் எக்ஸையும் மாறிலியையும் கூட்டி இரண்டே வரியில் முடித்திருக்கலாம். அந்த முறை பதினோராம் வகுப்பின் தொகை நுண்கணிதப் பாடத்தில் இருக்கிறது. அவருக்கு அந்தப் பாடம் நடத்தப்படவே இல்லை.

கலப்பு எண்களிலும் இதே நிலைதான் இருந்தது. மெய்ப்பகுதி எதிர்மறை 1, கற்பனைப்பகுதி எதிர்மறை வர்க்கமூலம் 3 என்று ஓர் எண்ணைக் கொடுத்துத் துருவ வடிவம் கேட்டால், மட்டு மதிப்பு 2 என்று எழுதிவிடுவார்; முதன்மை வீச்சுக்கு மட்டும், டேன்ஜென்ட் மதிப்பு வர்க்கமூலம் 3 என்பதைப் பார்த்தவுடன் 60 பாகை என்று போட்டுவிடுவார். அந்த எண் மூன்றாம் கால்பகுதியில் இருக்கிறது, ஆகவே விடை எதிர்மறை 120 பாகை என்பது கலப்பு எண் பாடத்தின் அறிவு அல்ல. பதினோராம் வகுப்பு முக்கோணவியலின் அறிவு. வீச்சு தவறினால் அதன்மேல் டி மாய்வர் தேற்றத்தைப் பயன்படுத்திக் காணும் மூலங்கள் அனைத்தும் தவறிவிடும்.

அவருடைய தந்தை கைத்தறி நெசவாளர். மகன் ஏன் திடீரென்று பின்தங்கினான் என்று கேட்க ஒருநாள் வந்தார். நெடுக்கில் செல்லும் பாவு சரியாகப் பூட்டாத தறியில் குறுக்கே செல்லும் ஊடையை எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் துணி நிற்குமா என்று நான் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படின்னா ஒரு வருஷத்துப் பாவையே விட்டுட்டாங்க, சார்” என்றார். அந்தத் தந்தைக்குப் புரிந்தது, பெரிய கட்டணம் வாங்கி நடத்தும் நிர்வாகங்களுக்கு ஏன் புரியவில்லை என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பின் பன்னிரண்டு பாடங்களையும் எடுத்து வைத்துப் பாருங்கள். தனிநிலைக் கணிதம் மட்டுமே பெரும்பாலும் தன் காலில் நிற்கிறது. அணிகளின் பயன்பாட்டுக்கு அணிக்கோவை விரிவாக்கம் வேண்டும். நேர்மாறு முக்கோணவியலுக்குக் கூட்டுக் கோணச் சூத்திரங்களும் சார்பின் சார்பகம், வீச்சகம் பற்றிய தெளிவும் வேண்டும். இருபரிமாணப் பகுமுறை வடிவியலுக்கு நேர்க்கோட்டின் சாய்வும் செங்குத்துத் தூரமும், வெக்டருக்குப் புள்ளிப் பெருக்கமும் குறுக்குப் பெருக்கமும், நுண்கணிதப் பாடங்கள் நான்குக்கும் எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றும், ஈருறுப்புப் பரவலுக்குச் சேர்வுகளும் வேண்டும். இவை எல்லாம் பதினோராம் வகுப்பில் கற்பிக்கப்பட வேண்டியவை. ஜே.இ.இ. எழுத விரும்பும் மாணவர்களுக்கோ இழப்பு இன்னும் நேரடியானது. அந்தப் பொறியியல் நுழைவுத் தேர்வில் பதினோராம் வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைக்கவும் படுகிறது.

ஏற்கெனவே ஓர் ஆண்டை இழந்துவிட்ட மாணவர் என்ன செய்வது? பதினோராம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது நடக்காத காரியம். அப்படித் தொடங்கியவர்களில் பலர் கணங்களும் தொடர்புகளும் சார்புகளும் பாடத்தோடு களைத்து நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பின் ஒவ்வொரு பாடத்தையும் தொடங்குவதற்கு முன் அதற்கு உரிய பழைய பகுதியை மட்டும் எடுத்து, அந்தப் பயிற்சிக் கணக்குகளைத் தாளில் போட்டுவிட்டு மேலே செல்ல வேண்டும். தொகையிடலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பிரதியிடல், பகுதிப் பின்னங்கள், பகுதித் தொகையிடல், பின்னத்தின் பகுதியில் இருபடிக் கோவை வரும் வகை, வர்க்கமூலம் வரும் வகை ஆகிய ஐந்தையும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைத் திறப்பதற்கு முன்பே, நாளுக்குச் சில கணக்குகள் என்று தொடர்ந்து செய்து கைக்குப் பழக்கிவிட வேண்டும். குடியாத்தத்து மாணவர் தீபாவளி விடுமுறையில் தொடங்கியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அரையாண்டு முடிந்த பிறகு தொடங்கினார். செய்முறைத் தேர்வுகளுக்கும் திருப்புதல் தேர்வுகளுக்கும் நடுவே நேரத்தைத் திருடித்தான் அவரால் படிக்க முடிந்தது. நல்ல மதிப்பெண் பெற்றார் என்றாலும், அவர் எட்டியிருக்கக்கூடிய இடம் அதுவல்ல. கட்-ஆஃபில் இயற்பியலிலோ வேதியியலிலோ நான்கு மதிப்பெண் குறைந்தால் இரண்டுதான் குறையும். கணிதத்தில் நான்கு குறைந்தால் நான்கும் குறையும். கட்-ஆஃப் சமமாக வரும்போது முதலில் பார்க்கப்படுவதும் கணித மதிப்பெண்தான்.

பாடங்களை விலக்கி வைப்பது

கணிதத்திற்கு 200 மதிப்பெண் இருந்த 1200 மதிப்பெண் காலத்தின் வினாத்தாளை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்ன பாடத்தை விட்டுவிட்டாலும் குறையில்லை என்று அறிவுரை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கானது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு, மூன்று மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழு. கடைசிப் பகுதியில் ஏழு வினாக்களுக்கும் விடை எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ என்று இரண்டு வினாக்கள் இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் விட்டுவிட்ட இரண்டு பாடங்களும் அந்த ‘அல்லது’வின் இரு பக்கத்திலும் வந்து நின்றால் ஐந்து மதிப்பெண் போய்விடும். கடினம் என்று பலரும் ஒதுக்கும் வெக்டர் பாடத்தில்தான் நேர்க்கோடு, தளம் ஆகியவற்றின் சமன்பாடு காணும் வினாக்கள் ஏறத்தாழ ஒரே வழியில் செல்கின்றன. அதை ஒதுக்குவது நட்டம்.

ஒரு மதிப்பெண் வினாக்களை எண்ணோடு மனப்பாடம் செய்வது

புத்தகத்தில் விடை மூன்றாவது இடத்தில் இருந்தது என்ற நினைவை நம்பாதீர்கள். வரிசை மாறும். குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பதால் இரண்டையும் எழுதுங்கள்.

30, 40ஆம் வினாக்களை விட்டுவிடுவது

இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளின் கடைசி வினாக்களான இந்த இரண்டும் கட்டாயம். வேறு ஏழு எழுதிவிட்டேன் என்பது உதவாது.

வீட்டுப் பயிற்சியில் கைபேசிக் கணிப்பான்

தேர்வறையில் கிடையாது. வீட்டிலும் வேண்டாம்.

தீர்வைப் படித்துவிட்டுக் கணக்கு தெரியும் என்று நம்புவது

நோட்ஸையும் கைடையும் நான் குறை சொல்லவில்லை. தமிழ்வழி மாணவர்கள் பலருக்குப் பள்ளிக்கு வெளியே அவைதாம் துணை. ஆனால் தீர்வை வரிவரியாகக் கண்ணால் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து இயல்பாக வருவதாகவே தோன்றும். அடுத்த வரி எது என்று முடிவு செய்யும் வேலையை நூலாசிரியர் முன்பே செய்து முடித்துவிட்டார் என்பது கண்ணில் படாது. தேர்வில் அந்த முடிவைத்தான் மாணவர் எடுக்க வேண்டியிருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண் எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் அழகாகப் படியெடுத்து வைத்திருந்தாள். அதில் ஒரு கணக்கின் எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தபோது, முதல் வரியையே எழுத முடியாமல் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து தீர்வை மூடி வைத்துவிட்டுத் தொடங்குவதும், சிக்கினால் ஒரே ஒரு வரி மட்டும் திறந்து பார்ப்பதும், மறுநாள் அதே கணக்கை வெறுந்தாளில் எழுதுவதும் அவளுடைய வழக்கமாயின. மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படமின்றிக் கூம்பு வளைவுக் கணக்கைத் தொடங்குவது

பரவளைய வடிவப் பாலத்தின் வளைவு 20 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் உடையது, மையத்திலிருந்து 5 மீட்டர் தொலைவில் அதன் உயரம் என்ன என்று கேட்டால், முனையை ஆதியாகக் கொண்டு சமன்பாடு அமைத்து 2 என்று விடை எழுதி நிறுத்திவிடும் தாள்கள் நிறைய வருகின்றன. அந்த 2 உச்சியிலிருந்து கீழே இறங்கிய அளவு. தரையிலிருந்து உயரம் 6 மீட்டர். ஒரு சிறிய படம் வரைந்து, ஆதி எங்கே, தரை எங்கே என்று குறித்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. படத்தை மதிப்பெண்ணுக்கான அலங்காரமாகக் கடைசியில் வரைபவர்களும் அதே பிழையைச் செய்கிறார்கள். படம் முதல் வரிக்கு முன்னால் வர வேண்டும்.

மாதிரித் தேர்வை இரவில் துண்டு துண்டாக எழுதுவது

பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்கவும், அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்கவும் போக, 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். மார்ச் மாதத்து வேலூர் வெயிலில் பதினொன்றரைக்கு மேல் தேர்வறை எப்படி இருக்கும் என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மதிப்பெண் வினாக்களை எழுதும் நேரமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது. இரவு பத்து மணிக்குமேல் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, இன்று ஒரு பகுதி நாளை ஒரு பகுதி என்று எழுதும் மாணவருக்கு, மூன்று மணி நேரத்தின் கடைசி ஐம்பது நிமிடத்தில் தன் கை எவ்வளவு மெதுவாகிறது என்பது தெரியவே வாய்ப்பில்லை. ஜனவரிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணிக்கு அமர்ந்து முழு வினாத்தாளையும் இடைநிறுத்தாமல் எழுதிப் பழகுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழிலும் ‘அல்லது’வின் எந்தப் பக்கத்தை எழுதப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிடுங்கள், பாதி எழுதிய பிறகு மறுபக்கத்துக்குத் தாவும் மாணவர், அந்த ஒரு வினாவில் இரண்டு வினாக்களுக்கான நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்.