ஈ.வி. புள்ளிகளை 4, 12, 20 என்றே நிறுத்துங்கள்

போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் வீடியோ கேம்களின் தரவரிசைப் போட்டிக்கு அணி அமைக்கும்போது, வேகம், தற்காப்பு போன்ற ஒவ்வொரு திறனுக்கும் ஈ.வி. புள்ளிகளை (பயிற்சியால் சேர்த்துத் திறனை உயர்த்தும் புள்ளிகள்) 4, 12, 20, 28 என எட்டெட்டாக ஏறும் எண்களில் மட்டும் நிறுத்துங்கள். இந்த வரிசை 252-இல் முடியும். இடைப்பட்ட எண்கள் அத்தனையும் வீண்.

அந்தப் போட்டிகளில் எல்லாப் போக்கிமானும் 50-ஆம் லெவலிலேயே மோதுகின்றன. அந்த லெவலில், ஐ.வி. (போக்கிமானுக்கு ஒவ்வொரு திறனிலும் பிறவியிலேயே அமையும், 0 முதல் 31 வரையிலான எண்) 31 இருந்தால் முதல் 4 ஈ.வி. அந்தத் திறனில் ஒரு புள்ளி தரும்; அதன்பின் திறனில் கூடும் ஒவ்வொரு புள்ளிக்கும் 8 ஈ.வி. வேண்டும். கார்சாம்ப் என்ற போக்கிமானை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாத சுபாவம் என்றால், வேகத்தில் 12 ஈ.வி. போட்டாலும் வேகம் 124தான், 16 போட்டாலும் 124தான். மிஞ்சிய அந்த 4-ஐ இதுவரை தொடாத தற்காப்புக்குக் கொடுத்தால் அங்கே ஒரு புள்ளி சும்மா கிடைக்கிறது. ஒரேயொரு புள்ளியில் உயிர்தப்பிய போக்கிமான் ஆட்டத்தையே திருப்பிப்போடும் என்பதால், இதை அற்பம் என்று விடவே கூடாது. ஒரு போக்கிமானுக்கு ஈ.வி.-யின் மொத்த வரம்பு 510 என்றாலும் பயன்படுவது 508தான். கடைசி 2-க்காக மெனக்கெட வேண்டாம்.

ஐ.வி. இரட்டைப்படையாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது 8, 16, 24 என்று வைக்க வேண்டும், அல்லது பாட்டில் மூடி என்ற பொருளைக் கொடுத்து ஹைப்பர் பயிற்சி (ஐ.வி.-யை 31 போலவே கணக்கிட வைக்கும் பயிற்சி) செய்துவிட்டால் 31-க்கான கணக்கே போதும். 100-ஆம் லெவலில் நடக்கும் ஆட்டங்களில் ஒவ்வொரு 4-க்கும் ஒரு புள்ளி உண்டு.