ஐம்பதாயிரத்துக்குள் ஒரு ஃபுல் ஃப்ரேம்: செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு

கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் சில வருஷங்களாக ஒவ்வொருவராக மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவுக்கு) மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைவிடும் டி.எஸ்.எல்.ஆர். (கண்ணாடி வைத்த பழைய வகை) பாடிகளும், அதாவது லென்ஸ் இல்லாத கேமராக்களும், லென்ஸ்களும் நம் கைக்கு எட்டும் விலைக்கு வருகின்றன. ஒரு காலத்தில் லட்சத்தைத் தாண்டி விற்ற ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் வைத்த) கேமராவை இன்றைக்கு ஒரு நல்ல செல்போன் விலையில் வாங்கலாம். ஆனால் பெட்டியில் வாரண்டி அட்டை இருக்காது. வாங்குகிற அரை மணி நேரத்தில் நாம் என்ன பார்க்கிறோமோ, அதுதான் வாரண்டி.

நான் போட்ட கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருந்தது 50,000 ரூபாய். கேனன் 6டி பாடி 31,000. 50 எம்எம் எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸ் 5,500 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் கூடும்). புது பேட்டரி, மெமரி கார்டு, காற்றுப் புகாத டப்பா எல்லாம் சேர்த்து 3,500. மிச்சம் 10,000. அதைத் தொடாமல் வைத்திருந்து, மேலும் கொஞ்சம் சேர்த்து, பிறகு 85 எம்எம் வாங்கினேன். உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் நாளில் விலை வேறாக இருக்கும். ஆனாலும் பணம் முழுவதையும் பாடியிலேயே கொட்டிவிட வேண்டாம். பாடியின் விலை வருஷா வருஷம் இறங்கும். நல்ல லென்ஸ் அப்படி இறங்காது.

முதலில்: உங்களுக்கு ஃபுல் ஃப்ரேம் தேவைதானா?

சென்சார் என்பது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36×24 மி.மீ. பழைய ஃபிலிம் ரோலின் ஒரு கட்டம் இருந்த அதே அளவு. கேனனின் சின்ன சென்சாரைவிடப் பரப்பில் சுமார் இரண்டரை மடங்கு. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் சுத்தமாக வரும். பின்னணி இன்னும் அழகாகக் கலங்கும். எனக்கு இவற்றைவிடப் பெரிய லாபம் வேறு. சின்ன சென்சாரில் 50 எம்எம் லென்ஸ் 80 எம்எம் போல நடந்துகொள்ளும், அதாவது காட்சியை இன்னும் நெருக்கிக் காட்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை வைத்துக் குடும்பப் படம் எடுக்க, முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் போனேன். அப்படியும் இரண்டு பேர் வெளியே நின்றார்கள். ஃபுல் ஃப்ரேமில் அதே லென்ஸ், அதே கூடம், எல்லோரும் உள்ளே.

பறவை எடுக்கத்தான் கேமரா என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வேலைக்குச் சின்ன சென்சார்தான் உங்களுக்கு நண்பன். வேடந்தாங்கலில் ஃபுல் ஃப்ரேமோடு போய் நின்றால், எட்டாத கொக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

எந்த பாடி

கேனன் 6டி 2012இல் வந்தது. 20.2 மெகாபிக்சல். ஃபோகஸ் புள்ளிகள் (கேமரா தானாகக் கூர்மை பிடிக்கும் இடங்கள்) 11தான். அதிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் நம்பிக்கைக்குரியது. ஆனால் அந்த ஒன்று கெட்டிக்காரப் புள்ளி: கோயில் பிரகாரத்து விளக்கு வெளிச்சத்திலும் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற குழந்தைகளைத் துரத்த இந்த கேமரா சரிப்படாது.

நிக்கான் பக்கம் போனால் டி610. 24.3 மெகாபிக்சல், 39 புள்ளிகள். இதற்கு முந்தைய டி600இல் சென்சார் மேல் புள்ளி புள்ளியாக அழுக்கும் எண்ணெயும் தெறிக்கிற குறை இருந்தது. 2014இல் நிக்கானே அந்த கேமராக்களுக்கு இலவசமாக ஷட்டர் (சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரை) மாற்றித்தர முன்வந்தது. அதனால் டி600 மலிவாகக் கிடைத்தால் "ஷட்டர் மாற்றியதா, அதற்குச் சீட்டு இருக்கிறதா" என்று கேளுங்கள். இல்லையென்றால் டி610க்கே போய்விடலாம். பணம் இன்னும் கொஞ்சம் எட்டினால் டி750. 51 புள்ளிகள், மடக்கித் தூக்கும் திரை. இந்தப் பட்டியலில் அதுதான் முழுமையான கேமரா.

கேனன் 5டி மார்க் 2 இன்னும் மலிவு. 2008ஆம் வருஷத்துச் சரக்கு, எஸ்.டி. கார்டு போடாது. சோனி ஏ7 முதல் தலைமுறை, 2013இல் வந்தது, சின்னதாக அழகாக இருக்கும். ஆனால் பேட்டரி கண் எதிரே கரையும், அதற்கான லென்ஸ்கள் நம் கணக்கில் அடங்காது. தாத்தா காலத்து மேனுவல் லென்ஸ்களை (கையால் ஃபோகஸ் செய்பவை) அடாப்டர் என்ற இணைப்பு வளையத்தில் மாட்டி விளையாட ஆசை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

லென்ஸ் பொருந்துமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

ஏற்கெனவே சின்ன சென்சார் கேனன் வைத்திருப்பவர், "என்னிடம்தான் 18-55 லென்ஸ் இருக்கிறதே, பாடி மட்டும் போதும்" என்பார். அது 6டியில் மாட்டவே மாட்டாது. லென்ஸின் பின்பக்க வளையத்தைப் பாருங்கள். வெள்ளைச் சதுரம் இருந்தால் அது சின்ன சென்சாருக்கான இ.எஃப்.எஸ். லென்ஸ். சிவப்புப் புள்ளி இருந்தால் இ.எஃப்., ஃபுல் ஃப்ரேமுக்கு ஆகும்.

நிக்கானில் டி.எக்ஸ். (சின்ன சென்சாருக்கான) லென்ஸ் மாட்டும், ஆனால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கிவிடும். நிக்கானில் ஒரு சௌகரியமும் உண்டு. ஃபோகஸ் மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ்களுக்கு டி610, டி750 இரண்டிலும் பாடிக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. ஆனால் நாளைக்கு நீங்கள் நிக்கான் மிரர்லெஸ்ஸுக்குப் போனால், அந்த லென்ஸ்கள் நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகாது. கேனன் இ.எஃப். லென்ஸ்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, அடாப்டரில் அப்படியே ஓடும். நான் கேனன் பக்கம் சாய்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

முதல் லென்ஸ் எது? 50 எம்எம் எஃப் 1.8. இதில் நான் வாதத்துக்கே வரமாட்டேன். அடுத்தது ஆட்களை எடுக்க 85 எம்எம் எஃப் 1.8. ஒரே லென்ஸில் எல்லாம் வேண்டும் என்றால் கேனன் 24-105 எஃப் 4 எல் முதல் பதிப்பு செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும். அதற்கு ஒரு தெரிந்த நோய் உண்டு, கீழே சொல்கிறேன்.

போனில் கேட்க வேண்டியவை

நேரில் போவதற்கு முன் நாலு கேள்வி போதும். ஏன் விற்கிறீர்கள்? பில் இருக்கிறதா? எங்கேயாவது சர்வீஸுக்குத் திறந்திருக்கிறார்களா? ஷட்டர் கவுண்ட் (இதுவரை ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்ற எண்) எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு "ரொம்பக் கம்மிதான் சார், சும்மா வீட்டில் வைத்திருந்தது" என்று எண் இல்லாமல் பதில் வந்தால், எண்ணை நாமே பார்க்க வேண்டும் என்று அர்த்தம். "இன்னொருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இரண்டாயிரம் அட்வான்ஸ் போட்டுவிடுங்கள்" என்றால் அந்த இன்னொருத்தருக்கே விட்டுக்கொடுங்கள். பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

சந்திப்பைப் பகலில், வெளிச்சமான இடத்தில் வையுங்கள். முடிந்தால் விற்பவரின் ஸ்டுடியோவிலேயே. அவர் பொருளை எப்படி வைத்திருக்கிறார் என்பது அலமாரியைப் பார்த்தாலே தெரியும். பையில் எடுத்துப்போக வேண்டியவை: உங்கள் சொந்த மெமரி கார்டு, லேப்டாப், யு.எஸ்.பி. கேபிள், ஒரு செய்தித்தாள், நல்ல சின்ன டார்ச். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். செல்போன் டார்ச் சமாளிக்கும், ஆனால் ஒளி குவிந்து விழுகிற பேனா டார்ச் இன்னும் நிறையக் காட்டிக்கொடுக்கும்.

பாடியைச் சோதிக்கும் விதம்

முதலில் வெளித்தோற்றம். கைபிடி ரப்பர் உரிந்திருப்பது, பெயிண்ட் தேய்ந்திருப்பது எல்லாம் பேரம் பேசத்தான் உதவும், பயப்பட வேண்டாம். மூலையில் பள்ளம் இருந்தால் கீழே விழுந்த கேமரா. அடிப்பக்கத் திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஷட்டர் கவுண்ட். நிக்கானில் ஒரு ஜே.பெக். எடுத்தால் அந்தப் படக் கோப்புக்குள்ளேயே எண் பதிந்திருக்கும். கேனன் 6டியில் படத்தில் இருக்காது. கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அதற்கென்று இருக்கும் மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். 6டி ஷட்டருக்குக் கேனன் சொன்ன ஆயுள் 1 லட்சம் கிளிக், டி610க்கும் டி750க்கும் 1.5 லட்சம். அந்த எண்ணைத் தொட்ட அன்றே ஷட்டர் நின்றுவிடாது. இரண்டு லட்சம் ஓடிய கேமராவும் உண்டு. ஆனால் 80,000 ஓடிய 6டியும் 20,000 ஓடிய 6டியும் ஒரே விலைக்குப் போகக் கூடாது.

சென்சாருக்கு இந்தச் சோதனை செய்யுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 22, ஃபோகஸை மேனுவலில் போட்டுக் கலங்கலாக்கிவிட்டு, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். எடுக்கும்போது கேமராவை லேசாக ஆட்டினாலும் பரவாயில்லை, சுவரின் கறைதான் கலையும், சென்சாரின் கறை அப்படியே நிற்கும். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். மங்கலான சாம்பல் வட்டங்கள் தூசி, துடைத்தால் போய்விடும். கோடு மாதிரி தெரிந்தால் கீறல். எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து ஷட்டர் வேகம் 1/4000 நொடியில் வெள்ளைச் சுவரைப் பத்துப் படம் எடுங்கள். எல்லாம் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றின் மேலோ கீழோ இருட்டுப் பட்டை விழுந்தால் ஷட்டர் தளர்ந்துவிட்டது. பிறகு எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பேட்டரியின் உடல்நிலையை மெனுவிலேயே பார்க்கலாம்: கேனனில் மூன்று கட்டங்களும் பச்சையாக இருந்தால் நல்லது, நிக்கானில் 0 என்றால் புதிது, 4 என்றால் காலம் முடிந்தது.

இன்னொன்று. மெனுவுக்குள் காப்புரிமைத் தகவல் என்ற இடத்தில் கேமராக்காரரின் பெயர் போட்டு வைக்கலாம். விற்கிறவர் ஒருவர், உள்ளே இருக்கும் பெயர் இன்னொருவர் என்றால் "இது யார்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். நேர்மையானவர் உடனே கதை சொல்வார்.

லென்ஸ்: டார்ச் வேலை செய்யும் இடம்

என் முதல் 85 எம்எம்மை ஒரு மாலை நேரம், வண்டி நிறுத்துமிடத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில் வாங்கினேன். முன்கண்ணாடி பளபளவென்று இருந்தது. விற்றவர் பேச்சும் பளபளவென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து இருட்டறையில் டார்ச் அடித்ததும் உள்ளே, நடுக் கண்ணாடியின் ஓரத்தில், சிலந்தி வலை பின்னத் தொடங்கியது போல வெள்ளை நூல் நூலாக ஏதோ. ஃபங்கஸ். பிரித்துத் துடைத்த மெக்கானிக், "பூஞ்சை போயிடுச்சு சார், ஆனா கோட்டிங்கைத் தின்னுட்டுப் போயிருக்கு" என்றார். போன் பண்ணினால் விற்றவர் எடுக்கவில்லை. இப்போது இருப்பது இரண்டாவதாக வாங்கியது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு மூடிகளையும் கழற்றி, லென்ஸின் பின்பக்கம் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது. டார்ச்சை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்துங்கள். பிறகு பக்கம் மாற்றி ஒருமுறை. நாலைந்து தூசித் துகள் எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் விழாது. நூல் போலக் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். கண்ணாடி முழுக்கப் புகை படிந்தது போல வெளுத்திருந்தால் அது மூட்டம். வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் சோகை பிடித்தது போல வரும். இரண்டும் வேண்டாம், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வைத்திருந்த லென்ஸ் என்றால் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று இருப்பதற்குப் பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பின்கண்ணாடியில் கீறல் என்றால் அது படத்தைக் கெடுக்கும்.

கேமராவில் மாட்டி, செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று எஃப் 4இல் எடுங்கள். நாலு மூலையிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கினால் லென்ஸ் எப்போதோ விழுந்திருக்கிறது. 24-105க்கு மட்டும் இதையும் செய்யுங்கள்: 24 எம்எம்மில் வைத்து எஃப் 8, பிறகு எஃப் 11இல் எடுங்கள். அதன் உள்ளே அபெர்ச்சருக்குப் போகிற பட்டைக் கேபிள் காலப்போக்கில் முறிவது வழக்கம். முறிந்திருந்தால் எஃப் 4இல் ஒழுங்காகப் படம் எடுக்கும், அதற்கு மேல் போனால் திரையில் எர்ரர் 01 வரும். எஃப் 4இல் மட்டும் எடுத்துக் காட்டி விற்றுவிடலாம், புரிகிறதல்லவா?

பேரமும் காகிதமும்

கண்ட குறைகளை ஒவ்வொன்றாக முகத்துக்கு நேரே அடுக்காதீர்கள். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "புது பேட்டரி வாங்கணும், சென்சார் துடைக்கணும்" என்று செலவுக் கணக்காகச் சொல்லுங்கள். பொருளைக் குறை சொன்னால் உரிமையாளருக்குக் கோபம் வரும், கணக்குக் காட்டினால் வராது.

பணத்தை யு.பி.ஐ.யில் கொடுங்கள், தடம் இருக்கும். ஒரிஜினல் பில் இருந்தால் பாடி எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பில் இல்லையென்றால் ஒரு தாளில் பாடி எண், லென்ஸ் எண், விலை, தேதி எழுதிக் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு முகம் சுளிப்பவரிடம் திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. கடையில் வாங்கினால் விலை சற்றுக் கூடும், ஆனால் ஒரு மாதமாவது கடை வாரண்டி எழுதிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் வாரம் தினமும் நூறு படமாவது எடுங்கள். குறை இருந்தால் இப்போதே தெரிந்துவிடட்டும். கேமராப் பையிலேயே வைத்து பீரோவில் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. பாத்திரக் கடையில் கிடைக்கும் காற்றுப் புகாத பெரிய டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய்க்குச் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவே நின்றால் போதும். ஜெல் நிறம் மாறிவிட்டால் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அதற்கென்று பழைய சட்டி ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். நான் அம்மாவின் வாணலியில் வறுத்துப் பிடிபட்டேன். வாணலி இப்போது கேமரா டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.